தெருப் புகைப்படத்தில் எனக்கென்று ஒரு பாணி வர என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வருடமாகத் தெருவில் படம் எடுக்கிறீர்கள், ஆனால் எடுத்ததைப் பார்த்தால் யாரோ எடுத்த மாதிரி இருக்கிறது. எந்த லென்ஸ், எந்த பிரீசெட் (படத்தின் நிறத்தையும் தோற்றத்தையும் ஒரே சொடுக்கில் மாற்றும் தயார் அமைப்பு) போட்டால் தனிப் பாணி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். லென்ஸுக்கு அப்புறம் வருகிறேன். பிரீசெட்டை இப்போதே ஓரமாக வைத்துவிடுங்கள்.

நானும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவன்தான். ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மோரியாமாவின் படங்களைப் பார்த்துப் பித்துப் பிடித்து, ஆறு மாதம் கண்ணில் பட்டதையெல்லாம் கரிக்கட்டையால் தீட்டியது போலக் கருப்பு வெள்ளையாக்கிக்கொண்டிருந்தேன். 1960களின் கடைசியில் ஜப்பானில் அவரும் அவரோடு இருந்த சிலரும் எடுத்த படங்களை 'அரே, புரே, போகே' என்பார்கள்: சொரசொரப்பு, கலங்கல், ஃபோகஸ் இல்லாமை. அவர் நடந்துகொண்டே, பல நேரம் வ்யூஃபைண்டரைக்கூடப் பார்க்காமல் சுட்டுத் தள்ளுகிற ஆள். அந்தக் கலங்கல் அவர் நடையிலிருந்து வந்தது. நானோ நின்று நிதானித்து, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் சொரசொரப்பைத் தூவிக்கொண்டிருந்தேன். சுத்தமாக ஒட்டவில்லை.

எனக்கு வழி காட்டியது ஒரு நண்பன். "போன்ல பார்த்தா ஒண்ணும் புரியாது, பிரிண்ட் போட்டுக் கொண்டா" என்றான். மூன்று வருடப் படங்களில் 150-ஐத் தபால் அட்டை அளவில் அச்சிட்டுத் தரையில் பரப்பினோம். அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன்டா, உனக்கு மனுஷங்க மூஞ்சின்னா பயமா?"

எண்ணிப் பார்த்தேன். நூற்றுக்குக் கிட்டத்தட்ட எழுபது படங்களில் முகமே இல்லை. முதுகு, பின்னங்கழுத்து, ஃபிரேமின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு வெளியேறும் ஆள். மீதி இடமெல்லாம் சுவர். அதுவும் வெயில் பட்ட சுவர் இல்லை, நிழலில் கிடக்கும் சுவர். இவற்றில் முக்கால்வாசியை நான் எங்கேயும் பகிர்ந்ததே இல்லை. கூச்சத்தால் கிட்டப் போகாமல் எடுத்த தோல்விகள் என்று ஒதுக்கி வைத்தவை. லைக் வாங்கிய படங்கள் வேறு கூட்டம்: தண்ணீர்த் தேக்கத்தில் பிரதிபலிப்பு, வெளிச்சக் கீற்றுக்குள் குடையோடு ஒரு நிழலுரு. அவற்றை அந்தத் தரையிலிருந்து எடுத்துவிட்டால் ஒன்றும் குறையவில்லை. முதுகுகளை எடுத்தால்தான் தரை காலியானது.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். பழைய படங்களை அச்சிட்டுப் பரப்புங்கள். நல்ல படம், மோசமான படம் என்று பிரிக்காதீர்கள்; எது திரும்பத் திரும்ப வருகிறது என்று மட்டும் பாருங்கள். கூட ஒருவர் இருந்தால் நல்லது. நமக்கு நம் முதுகு தெரியாது.

எடுத்த சூட்டோடு தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் ஃபிலிமைக் கழுவாமல் ஒரு வருடம் போலத் தள்ளிப்போடுவார். எடுத்த அன்றைய மகிழ்ச்சி மறந்த பிறகு பார்த்தால்தான் படம் படமாகத் தெரியும் என்பது கணக்கு. (1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 கிடந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம்.) எனக்கு மூன்று மாதம் போதுமாக இருக்கிறது. கழிப்பதற்கும் தயங்காதீர்கள்: ராபர்ட் ஃபிராங்க் 1955, 56-ல் அமெரிக்காவைச் சுற்றிச் சுமார் 28,000 ஃபிரேம் எடுத்தார். 'தி அமெரிக்கன்ஸ்' என்ற அவர் புத்தகத்தில் இருப்பவை 83.

சரி, லென்ஸ். எது என்பதைவிட ஒன்றே ஒன்று என்பது முக்கியம். ஆறு மாதம் ஒரே குவியத் தொலைவில் (லென்ஸ் மேல் 28, 50 என்று எம்எம்மில் போட்டிருப்பது; எண் கூடக் கூடக் காட்சி குறுகும்) எடுத்தால், நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிற ஆள் என்பது வெளியே வந்துவிடும். ஜூம் லென்ஸ் அதை மறைத்துவிடும். தெருப் படத்தில் இந்தத் தூரம்தான் பாதி பாணி என்பது என் கருத்து. புரூஸ் கில்டன் ஃபிளாஷோடு முகத்துக்கு நேரே போய் நிற்பார். அவர் படங்களில் வருகிற திடுக்கிடல் அந்த ஓரிரு அடியில் இருக்கிறது. சால் லைட்டர் அதற்கு நேர் எதிர். தெருவுக்கு அகல லென்ஸ்தான் என்று பலரும் சொல்லும்போது அவர் நீண்ட லென்ஸையும் எடுத்துக்கொண்டு, ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, ஃபிரேமில் பாதியை வெறும் நிறத்துக்கு விட்டுக்கொடுத்தார். அவருடைய பழைய வண்ணப் படங்களுக்குப் பரவலான கவனம் கிடைத்தது 2006-ல், 80 வயதைத் தாண்டிய பிறகு.

நான் முதலில் 28 எம்எம் வைத்திருந்தேன், எல்லோரும் சொன்னதால். வசதியான லென்ஸ் அது. முழு ஃபிரேம் கேமராவில் (பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) லென்ஸின் துளையை எஃப்/8-ல் வைத்து ஃபோகஸை 2.5 மீட்டரில் நிறுத்திவிட்டால் சுமார் 1.4 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை தெளிவாக விழும். ஃபோகஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் நான் இயல்பாக நிற்பது நன்றாகத் தள்ளி. அங்கிருந்து 28-ல் ஆள் சிறுத்து, தெரு முழுக்க உள்ளே வந்து நெரிக்கும். 50-க்கு மாறியதும் சுவரும் முதுகும் மட்டும் மிஞ்சின. பிரெஞ்சுப் புகைப்பட மேதை கார்த்தியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50-தான் பயன்படுத்தினார் என்று பின்னால் தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் படத்துக்கும் என் படத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது வேறு விஷயம்.

வண்ணமா கருப்பு வெள்ளையா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் தரையில் கிடக்கும் படங்களில் நிறத்தை நீக்கினால் செத்துப்போவது எத்தனை என்று பாருங்கள், பதில் அங்கேயே இருக்கும்.

போன மாதம் மறுபடி ஒரு நூறு படங்களைப் பரப்பினேன். சுவர்கள் குறைந்திருக்கின்றன. எங்கிருந்தோ கைகள் வந்திருக்கின்றன: பேருந்துக் கம்பியைப் பிடித்த கை, முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்ட கை, பையின் வாரை முறுக்குகிற கை. எடுக்கும்போது கையைப் பார்த்து எடுத்ததாக எனக்கு நினைவே இல்லை. இப்போதைக்கு அவற்றைத் தனியாக ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.