இதய வரைபடத்துக்காக வைப்புநிதியை உடைக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 58. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் கோளாறு இருக்கிறது. படபடப்பு வரும், ஓரிரு நாளில் தானாக அடங்கிவிடும். மாத்திரை கேட்கவில்லை என்பதால் அப்லேஷன் (இதயத்துக்குள் குழாய் விட்டு, கோளாறான மின்னோட்டத்தைத் தடுக்கும் சிகிச்சை) செய்யச் சொல்கிறார்கள், இதுதான் முதல் முறை. அதற்கு முன் மார்பில் ஒரு வெஸ்ட் மாட்டி, உள்ளே குழாய் விடாமலே இதய மின்னோட்டத்தை வரைபடமாக எடுக்கலாம், விருப்பமிருந்தால் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். அப்லேஷனுக்குக் காப்பீடு உண்டு, வரைபடத்துக்கு இல்லையாம். ஓய்வுக்காலத்துக்குப் போட்ட வைப்புநிதி முதிர இரண்டு வருடம் இருக்கிறது. உடைக்கலாமா? இதய விஷயத்தில் பணத்தைப் பார்க்கிறோமே என்று உறுத்தலாகவும் இருக்கிறது.

பதில்: இப்போதைக்கு உடைக்காதீர்கள். உறுத்தலும் வேண்டாம், அந்த வைப்புநிதியும் உங்கள் கணவருக்காகச் சேர்த்ததுதானே.

நான் மருத்துவர் இல்லை, அதனால் வரைபடம் நல்லதா கெட்டதா என்று சொல்ல வரவில்லை. பணம் கொடுத்து ஒரு தகவலை வாங்கும்போது, அந்தத் தகவல் நம் முடிவை மாற்றுமா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. மருத்துவரிடம் இப்படியே கேளுங்கள்: "வரைபடம் எப்படி வந்தாலும் நீங்கள் செய்யப்போவது ஒன்றுதானா, இல்லை அதைப் பார்த்து வேறு இடத்தில் செய்வீர்களா?" முதலாவதுதான் பதில் என்றால் அந்தச் செலவுக்கு அவசரமே இல்லை.

இதை ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், உங்கள் கணவருக்கு இருப்பதுபோல் வந்து வந்து போகும் வகையில் கோளாறு பெரும்பாலும் நுரையீரல் சிரைகள் இதயத்தில் சேரும் இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. 1998-ல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள் 45 நோயாளிகளிடம் பார்த்ததில், கோளாறு கிளம்பிய புள்ளிகளில் 94 சதவீதம் அந்தச் சிரைகளில் இருந்தன. அதனால் முதல் அப்லேஷன் என்றால் அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றி வடு உண்டாக்கி மின்னோட்டத்தைத் தடுப்பதுதான் வழக்கம், எங்கே செய்வது என்பது ஓரளவு முன்கூட்டியே தெரிந்த விஷயம். அது போக, பல இடங்களில் அப்லேஷன் நடக்கும்போதே உள்ளே விட்ட குழாய் வழியாகவும் ஒரு வரைபடம் எடுக்கிறார்கள், அந்தச் செலவு பெரும்பாலும் அப்லேஷன் பில்லிலேயே வந்துவிடும்.

வெஸ்ட் சமாச்சாரம் வேறு. 252 மின்முனைகள் கொண்ட ஒன்றைப் போட்டுவிட்டு, அதோடே சிடி ஸ்கேன் எடுத்து, தோலில் பதிவாகும் மின்னலைகளை வைத்து இதயத்தின் மேற்பரப்பில் என்ன நடக்கிறது என்று கணினி கணக்கிடுகிறது. துடிப்பு தொடர்ந்து கெட்டே இருப்பவர்கள், ஒரு முறை செய்தும் திரும்ப வந்தவர்கள், இவர்களுக்கு எங்கே தேடுவது என்பதே குழப்பம், அங்கே இதற்கு மதிப்பு அதிகம். ஆனால் அங்கேகூட நிறைய இடத்தில் வடு வைத்தால் நிறைய பலன் என்று எண்ண வேண்டாம். 2015-ல் வெளியான ஸ்டார் ஏஎஃப் 2 ஆய்வில், தொடர்ந்து துடிப்பு கெட்டிருந்த 589 பேரில், சிரைகளோடு நிறுத்திக்கொண்டவர்களைவிடக் கூடுதலாகச் செய்துகொண்டவர்களுக்குப் பலன் அதிகமாக இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். முதல் அப்லேஷனில் எல்லாருக்கும் அடங்கிவிடாது, கணிசமானவர்களுக்கு இரண்டாவது தேவைப்படுகிறது. அந்த இரண்டாவதுக்கான கையிருப்பைத்தான் இப்போது நீங்கள் காப்பாற்ற வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரையும் பல வாரங்கள் தொடரும், பக்கவாத அபாயம் இருந்தால் துடிப்பு சரியான பிறகும் தொடரச் சொல்வார்கள். அதை ஒருமுறைச் செலவாக நினைக்காமல் மாதச் செலவுக் கணக்கில் எழுதுங்கள்.

அப்புறம் காப்பீடு. "இல்லையாம்" என்று யார் சொன்னது? மருத்துவமனை மேசையில் சொல்வது கணக்கில் வராது, காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சோதனை நிலையில் உள்ள சிகிச்சை என்று தள்ளுகிறார்களா, மருத்துவ அவசியம் என்று மருத்துவர் கடிதம் கொடுத்தால் மறுபரிசீலனை உண்டா, இரண்டும் வேறு வேறு. அப்லேஷனுக்கும் முன் அனுமதி எழுத்தில் வரட்டும். என்னிடம் வந்த ஒருவர் வாய்வார்த்தையை நம்பி அட்மிட் ஆகி, பாதி பில்லைக் கையிலிருந்து கட்டினார்.

மருத்துவர் "ஆமாம், இதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பேன்" என்று காரணத்தோடு சொன்னால் செய்துகொள்ளுங்கள். அப்போதும் வைப்புநிதியை முழுதாக உடைக்காமல், அதன் மேல் கடன் கிடைக்குமா என்று பாருங்கள், அந்த வட்டியையும் பாதியில் உடைத்தால் இழக்கும் வட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எது மலிவு என்று தெரிந்துவிடும். இன்னொன்று, அப்லேஷனுக்கு முன் பல மருத்துவமனைகளில் எப்படியும் சிடி எடுப்பார்கள். வெஸ்ட்டோடு எடுக்கும் ஸ்கேனே இரண்டுக்கும் போதுமா, இல்லை இரண்டு முறை பில் போடுவார்களா என்று மதிப்பீடு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.