சிக்னல் லைற் எரியவில்லையா? வாசகர் கேள்விகள்

பரந்தன்: இடப்பக்கச் சிக்னல் மட்டும் வழமையைவிட வேகமாக அடிக்கிறது. பிளாஷரை மாற்றவா?

வேண்டாம். ஒரு பல்ப் போய்விட்டதைத்தான் பிளாஷர் (சிக்னலை விட்டுவிட்டு எரியவைக்கும் ரிலே) அப்படிக் காட்டுகிறது. முன்னுக்கும் பின்னுக்கும் பெரும்பாலும் 21 வாட் பல்ப் இருக்கும். ஒன்று அணைந்தால் ஓட்டம் குறைந்து அடி கூடும். சிக்னலைப் போட்டுவிட்டு இறங்கிச் சுற்றிப் பாருங்கள். எரியாத பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அறுந்த இழை தெரியும். இழை நன்றாக இருந்தால் சொக்கற்றைப் பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருக்கும். கடைக்குப் பழைய பல்பைக் கையோடு கொண்டுபோங்கள்: செம்மஞ்சள் பல்ப் சிலவற்றில் இரண்டு முளைகளும் நேரெதிரே இராது, மற்றப் பல்ப் அதன் சொக்கற்றுக்குள் பூட்டாது.

ஒட்டுசுட்டான்: மழைக்குப் பிறகு பின் சிக்னலோடு பார்க் லைற்றும் சேர்ந்து மினுங்குகிறது.

எர்த் பிழை. எர்த் என்பது லைற்றிலிருந்து மின் கார் பொடி வழியே பற்றரிக்குத் திரும்பும் வழி. அது அடைபட்டதால் மின் மற்ற பல்பின் இழைக்குள்ளால் திரும்பிப் போகிறது. கிரவல் புழுதி டிக்கி ஓரத்தில் படிந்து, மாரி மழையில் ஈரம் குடித்து, எர்த் போல்ற்றைத் துருப்பிடிக்க வைக்கிறது. எங்கள் பக்கத்தில் இது அடிக்கடி வரும். லைற்றின் எர்த் முனையிலிருந்து ஒரு துண்டு வயரைச் கார் பொடியின் சுத்தமான இரும்பில் தொடுங்கள். மினுக்கம் நின்றால் பிழை அதுதான். போல்ற்றைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள்.

மாங்குளம்: ஹசாட் (நாலு சிக்னலும் சேர்ந்து அடிப்பது) போட்டால் நாலும் எரிகிறது. சிக்னல் இரண்டு பக்கமும் இல்லை.

பல்புகளும் அவற்றுக்குப் போகும் வயரும் நல்லதென்று ஹசாட்டே சொல்லிவிட்டது. முதலில் சிக்னல் பியூஸைப் பாருங்கள்; பல கார்களில் ஹசாட்டுக்கு வேறு பியூஸ். 10 அம்பியர் என்றிருந்தால் 10 தான் போடவேண்டும். திரும்ப எரிந்தால் 20 போடாதீர்கள், வயர்தான் பற்றும். எலியோ அணிலோ கடித்த இடத்தையும் டிக்கிக் கீலருகே வயர் உரஞ்சிய இடத்தையும் தேடுங்கள். பியூஸ் சரியென்றால் ஹசாட் சுவிச்சைப் பத்து இருபது தரம் அமத்தி விடுங்கள். பழைய ஜப்பான் கார்கள் பலவற்றில் சிக்னல் மின் அதற்குள்ளால்தான் போகிறது. சிக்னல் திரும்பி வந்தால் உள்ளே அழுக்கு, சுவிச்சை மாற்றுங்கள். வராவிட்டால் பிழை ஸ்ரேரிங்கடிச் சிக்னல் சுவிச்சில். திருத்தும்வரை ஏ9 வீதியில் வலப்பக்கம் திரும்பமுன் வலக்கையை நேராக வெளியே நீட்டுங்கள்.

கிளிநொச்சி: எல்ஈடி போட்டபின் வேகமாக அடிக்கிறது.

எல்ஈடி சில வாட்தான் எடுக்கும். பழைய பிளாஷர் பல்ப் போய்விட்டதென்று எடுத்துக்கொள்கிறது. எல்ஈடிக்கான பிளாஷரைப் போடுங்கள். பழைய பல்ப் அளவுக்கு மின் எடுக்கும் ரெசிஸ்டர் போட்டாலும் வேக அடி நிற்கும், ஆனால் கை சுடும் அளவுக்குக் காயும். பிளாஸ்ரிக்கில் முட்டாமல் இரும்பில் பூட்டவேண்டும்.