சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்குமா?

அன்புள்ள ஐயா,

என் பெரியப்பாவுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். நாற்பது வருடப் பீடிப் பழக்கம் உண்டு. மருத்துவர் ‘மரபணுக் கோளாறு’ என்கிறார். எங்கள் குடும்பத்திலோ யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. புற்றுநோய் சர்க்கரையில்தான் வாழ்கிறது, சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்று உறவினர் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெரியப்பா மூன்று வாரமாகச் சோறு தொடவில்லை. இது சரியா?

அன்புடன்,
செ.

அன்புள்ள செ.,

முதலில் பெரியப்பாவுக்குச் சோறு போடுங்கள். நீரிழிவு இருந்தால் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

மரபணுக் கோளாறு என்றாலே பரம்பரை நோய் என்று பொருளில்லை. புகையிலைப் புகையின் நச்சுகளைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்புகிறது. அவை சிறுநீர்ப்பையில் மணிக்கணக்கில் தேங்கி உட்சுவரை நனைத்தபடி இருக்கின்றன. சாயத் தொழிலாளர்களுக்கு இந்நோய் வருவதை பிராங்க்பர்ட் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன் 1895-லேயே சொன்னார். கோளாறு அந்தச் சுவரின் செல்களில் நேர்வது, பிள்ளைகளுக்குப் போகாது.

எல்லாக் கோளாறும் மரபணுவுக்குள்ளேயே இருப்பதுமில்லை. செல் பிரியும்தோறும் மரபணுக்கள் அடங்கிய குரோமோசோம்களின் முனைகள் தேய்கின்றன. அந்தத் தேய்மானம்தான் பெருக்கத்துக்கு ஒரு வரம்பு. முனைகளை நீட்டும் டெலோமரேஸ் நொதியின் மரபணு, முதிர்ந்த செல்களில் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் பெரும்பாலானவற்றில் அந்த மரபணுவுக்கு ஒரு பழுதும் இல்லை. அதற்கு முன்னால் உள்ள சுவிட்சுப் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அங்கே வேறொரு புரதம் வந்து ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்துவிடுகிறது, அணைந்து கிடந்த மரபணு வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. 2013-இல் முதலில் ஒரு தோல் புற்றுநோயில் கண்டது இது.

உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் கட்டித் திசு குளுக்கோஸை அள்ளி விழுங்கி லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளுவதை 1920-களில் பெர்லினில் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டார். செல்லின் சுவாசம் பழுதானதே நோயின் மூலம் என்றும் தீர்மானித்தார். கண்டது சரி, சொன்ன காரணம் சரியில்லை. பெரும்பாலான கட்டிகளில், செல்லின் சுவாசம் நடக்கும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. குளுக்கோஸை இழுக்கும் வாயில்களையும் உடைக்கும் நொதிகளையும் கூட்டிவைப்பவை, மரபணுக்களை ஒழுங்குபடுத்தும் புரதங்கள். பெருகும் செல்லுக்கு எரிபொருளைவிடக் கட்டுமானப் பொருள் அவசரம். ஆகவே குளுக்கோஸை முழுதாக எரிக்காமல் பாதியில் திருப்பி, டி.என்.ஏ.வுக்கும் சவ்வுக்கும் செலவிடுகிறது.

மரபணு ஆட்டுவிக்க, குளுக்கோஸ் ஆடும் என்ற ஒருவழிப் பாதையும் அல்ல இது. டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் புரதங்களில் ஒட்டும் சில குறிகள் மரபணுக்களைத் திறக்கின்றன, சில மூடுகின்றன. திறக்கும் அசெட்டைல் குறிக்கு மூலப்பொருள் பெருமளவு குளுக்கோஸிலிருந்து வருகிறது. மூடும் குறியை அழிக்கும் ஒரு நொதி, தசைவரை இறங்கிய கட்டிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் பழுதாகிக் கிடக்கிறது. மரபணுச் சுவிட்சு குளுக்கோஸ் அடுப்பைத் தூண்டுகிறது, அடுப்பும் சுவிட்சின் மேல் கை வைக்கிறது.

சோற்றை நிறுத்தினால் என்ன ஆகும்? கல்லீரல், தசைப் புரதத்தைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்துவிடும். கட்டிக்குக் குளுட்டமின் என்ற அமினோ அமிலமும் தீனி. மெலிவது பெரியப்பா மட்டும்தான். அறுவைக்கு முன் அது நல்லதல்ல.

கட்டி தசைக்குள் இறங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையின் போக்கே அதைப் பொறுத்தது. இன்னொன்று: சோற்றை நிறுத்தியதை எழுதியிருக்கிறீர்கள். பீடியை நிறுத்தினாரா என்று எழுதவில்லையே?