சமநிலை என்றால் நின்றுவிட்டதா?

அன்புள்ள அண்ணா,

நான் களுவாஞ்சிக்குடி, இந்த வருசம் உயர்தரம் எழுதுகிறேன். இரசாயனச் சமநிலையில், பொருள்கள் விளைவாக மாறும் முன்தாக்கமும் விளைவு திரும்பப் பொருள்களாகும் பின்தாக்கமும் ஒரே வேகத்தில் நடந்துகொண்டே இருக்கும் என்று படிக்கிறோம். ஆனால் நிறமும் மாறவில்லை, செறிவும் மாறவில்லை. அப்போ தாக்கம் நின்றுவிட்டது என்று சொன்னால் என்ன பிழை? வகுப்பில் கேட்டதற்கு "பாஸ்ட் பேப்பரைச் செய்" என்றார்கள். தாக்கத்தை வேகமாக்கும் ஊக்கி போட்டால் விளைவு கூடுமா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

– ஒரு வாசகி

தங்கச்சி,

எனக்கும் தராசை வரைந்துதான் சொல்லித் தந்தார்கள். தராசு நின்றால் நின்றதுதான், அதில் என்ன ஓட்டம்? கல்லடிப் பாலத்தில் இங்கிருந்து நூறு பேர் போக அங்கிருந்து நூறு பேர் வருவது மாதிரி என்று நான் சொன்னால் விளங்கினது போல இருக்கும், ஆனால் உவமை சாட்சி ஆகாது. நீ கேட்பது சாட்சி.

ஈய அயடைட்டு என்று ஒரு மஞ்சள் தூள், தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். அதன் நிரம்பிய கரைசல் ஒன்றுக்குள், கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனைக் கொண்டு செய்த அதே தூளைப் போடுகிறார்கள். கரைசலோ ஏற்கெனவே நிரம்பியது, செறிவு இனிக் கூட வழியில்லை. எல்லாம் நின்றுவிட்டது என்ற உன் கணக்குப்படி கதிர்வீச்சு அடியில் கிடக்கும் தூளோடு இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் விட்டு, தூளை வடித்து எடுத்துவிட்டுத் தெளிந்த நீரை அளந்தால் அதிலும் கதிர்வீச்சு! தூளில் இருந்தது நீருக்கு வந்திருக்கிறது, நீரில் இருந்தது அதே அளவு தூளில் போய்ப் படிந்திருக்கிறது. இப்படி அணுக்களுக்கு அடையாளம் வைத்துத் துப்புப் பார்க்கும் வித்தைக்காகத்தான் ஜோர்ஜ் டி ஹெவெசி என்ற இரசாயன விஞ்ஞானிக்கு 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு.

அது கரைதல்தானே, தாக்கமா என்று கேட்பாய். நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியா ஆகும் சமநிலைக்குள் ஐதரசனில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அதன் கனமான சமதானி, அதாவது பாரம் கூடிய ஐதரசனான தூத்தேரியத்தை வைத்தாலும் இதே கதைதான். மறுகா பார்த்தால் அமோனியாவுக்குள் தூத்தேரியம் ஏறியிருக்கும்.

ஊக்கியால் விளைவு கூடாது. இரண்டு பக்கமும் சேர்ந்தே வேகமாகும், போய்ச் சேரும் இடம் அதே இடம்தான். அமோனியா உண்டாகும்போது வெப்பம் வெளிவருவதால் குளிரில்தான் அதிகம் கிடைக்கும், ஆனால் குளிரில் தாக்கம் ஆமை வேகம். அதனால்தான் இரும்பு ஊக்கி, 400–450 பாகை செல்சியஸ், 200 வளிமண்டல அமுக்கம் என்று ஒரு சமரசம். அப்படியிருந்தும் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 15 வீதம்தான் அமோனியாவாகும். அமோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்துவிட்டு மிச்ச வாயுவைத் திரும்ப உள்ளே விடுகிறார்கள். யூரியா வருவது இந்த அமோனியாவில் இருந்துதான். 2021 பெரும்போகத்தில் அது கிடைக்காமல் சம்மாந்துறைப் பக்கம் எங்கள் மாமாவின் நெல்வட்டை மஞ்சளடித்து நின்றது, அது வேறு கதை.

சரி, பாஸ்ட் பேப்பரையும் செய். விடையில் "மூடிய தொகுதி", அதாவது பொருள் உள்ளே வரவோ வெளியே போகவோ முடியாத தொகுதி, என்று எழுத மறக்காதே, அதற்குப் புள்ளி வெட்டுவார்கள்.