கேரவன்ல கை வச்சா சுர்ருங்குதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்க கேரவனை கேம்ப் கிரவுண்ட்ல நிறுத்தி வெளிய இருக்கிற கரன்ட் போஸ்ட்ல பிளக் சொருகிட்டோம்னா, தரையில நின்னு கதவு கைப்பிடியைத் தொடும்போது லேசா சுர்ருங்குது. உள்ள உட்கார்ந்திருக்கும்போது ஒண்ணும் தெரியல. வீட்டுக்காரர் "டயர் ரப்பர் தானே, ஷாக்கெல்லாம் அடிக்காது"ங்கறார். அப்படியே விட்டுடலாமா?

பதில்: விடவே கூடாதும்மா. போஸ்ட்ல இருக்கிற பிரேக்கரை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டிட்டு மீதியைப் படிங்க. யாராவது உள்ள இருந்தா அதுவரைக்கும் உள்ளேயே இருக்கட்டும், ஒரு காலைத் தரையில வச்சு ஒரு கையால கைப்பிடியைப் பிடிக்கிற அந்த நேரம்தான் ஆபத்து.

உங்க வீட்டுக்காரர் சொல்ற ரப்பர் டயர்தான் இங்க பிரச்சனையே. எங்கேயோ லீக் ஆகிற கரன்ட் வண்டி பாடிக்கு வந்துடுது, டயர் அதைத் தரைக்கு இறங்க விடாது, அதனால பாடி முழுக்க வோல்டேஜ் அப்படியே நிக்குது. உள்ள இருக்கிறவங்களைச் சுத்தி எல்லாமே அதே வோல்டேஜ்ல இருக்கிறதால அவங்க உடம்பு வழியா கரன்ட் ஓட வழியில்ல. வெளிய நின்னு கைப்பிடியைத் தொடுறீங்க பாருங்க, அப்போ பாடிக்கும் தரைக்கும் நடுவுல நீங்கதான் கம்பி.

லேசாத்தானே இருக்குன்னு நினைக்காதீங்க. 1 மில்லி ஆம்பியர்லயே சுர்ருனு தெரியும், 10 மில்லி ஆம்பியர் பக்கம் போனா பிடிச்ச கையை விட முடியாம போகலாம், 30-க்கு மேல போனா இதயத் துடிப்பே குழம்பிப் போகலாம். இன்னைக்குக் காய்ஞ்ச தரை, கால்ல செருப்பு, அதனால லேசா இருக்கு. மழை பெய்ஞ்சு குழந்தை வெறுங்காலோட ஈரக் கையால அதே கைப்பிடியைப் பிடிச்சா உடம்போட ரெசிஸ்டன்ஸ் 1000 ஓம் அளவுக்கு இறங்கிடும், பாடியில முழு 120 வோல்ட் இருந்தா 120 மில்லி ஆம்பியர், 230 வோல்ட் ஊர்ல 230. உயிரை எடுக்க இது தாராளம்.

இப்படி ஆகிறதுக்குப் பெரும்பாலும் ரெண்டு கோளாறு சேர்ந்திருக்கும். ஒண்ணு லீக், வாட்டர் ஹீட்டர் எலிமென்ட், ஃபிரிட்ஜ் ஹீட்டர், எங்கேயோ நசுங்கின ஒயர். இன்னொண்ணு எர்த் ஒயர் கட் ஆகியிருக்கும். எர்த் சரியா இருந்தா அந்த லீக் அந்த ஒயர் வழியா திரும்பிப் போயிருக்கும், பெரிசா இருந்தா பிரேக்கர் தானா ஆஃப் ஆகி விழுந்திருக்கும், உங்க கைக்கு வந்திருக்காது. அதனால முதல்ல கேபிளைப் பாருங்க. பிளக்கை ரெண்டு பக்கமும் கழட்டி வச்சு மூடியைத் திறந்தா, எர்த் ஸ்க்ரூ லூசாகி ஒயர் முனை கருத்திருக்கலாம், இல்ல கேபிளை இழுத்து இழுத்தே கிளாம்ப்புக்குப் பின்னாடி உள்ளுக்குள்ள இழை அறுந்திருக்கும், வெளிய பார்த்தா தோல் நல்லாத்தான் தெரியும். எர்த் பின் உடைஞ்ச எக்ஸ்டென்ஷன், ரெண்டு பின் அடாப்டர் இதையெல்லாம் இனிமே தொடாதீங்க. கேபிள்ல குறை இல்லேன்னா போஸ்ட் சாக்கெட்லயே எர்த் இல்லாம இருக்கலாம், கேம்ப் ஆளுங்ககிட்ட சொல்லி வேற இடத்துக்கு மாறிடுங்க. எர்த் சரியானதும் சுர்ருங்கறது நின்னுடும், ஆனா லீக் உள்ளேயே இருக்கும், அதையும் எலக்ட்ரீஷியனை வச்சுக் கண்டுபிடிச்சே ஆகணும்.

கேள்வி: வண்டி பக்கத்துல ஒரு இரும்பு ராடை அடிச்சு பாடியோட ஒயர் போட்டு இணைச்சுட்டா எர்த் ஆயிடும்தானே?

பதில்: ஆகாதுங்க, நிறைய பேர் நம்புற விஷயம் இது. மண்ணோட ரெசிஸ்டன்ஸ் அதிகம். ராட் நல்லா இறங்கி 25 ஓம் கிடைச்சுதுன்னே வச்சுக்குங்க, 120 வோல்ட்ல 5 ஆம்பியர் கூட ஓடாது, 230-லயும் 9 சொச்சம்தான், 15, 16 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. பாடியில வோல்டேஜ் பாட்டுக்கு இருக்கும், ராட் அடிச்சாச்சுங்கற தைரியம் மட்டும் உங்களுக்கு வந்துடும். பிரேக்கரை விழ வைக்கிறது போஸ்ட் வரைக்கும் திரும்பிப் போற அந்த எர்த் ஒயர்தான்.

கேள்வி: மூணு லைட் எரியிற சாக்கெட் டெஸ்டர்ல எல்லாம் சரின்னு காட்டுச்சு, அது போதுமா?

பதில்: பாதி போதும். சாக்கெட்ல எர்த்தையும் நியூட்ரலையும் யாராவது சேர்த்துக் கட்டி, அதுலயும் பேஸ் நியூட்ரலை மாத்திக் கொடுத்திருந்தா அந்த டெஸ்டர் சரின்னுதான் காட்டும், ஆனா எர்த் பின்லயே முழு வோல்டேஜ் இருக்கும், சொருகின அடுத்த நொடி வண்டி பாடிக்கு வந்துடும். அதனால தொடாமலே பீப் அடிக்கிற பேனா மாதிரி டெஸ்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்குங்க. முதல்ல கரன்ட் இருக்கிற சாக்கெட்ல காட்டி வேலை செய்யுதான்னு பார்த்துட்டு, அப்புறம் தரையில நின்னு வண்டி பாடிகிட்ட கொண்டு போங்க. வண்டிக்குள்ள நின்னு பார்த்தா பாடியும் நீங்களும் ஒரே வோல்டேஜ், பீப் அடிக்காமலே ஏமாத்திடும். சின்ன வோல்டேஜை இது கண்டுக்காது, அதுக்கு மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்ல வச்சு ஒரு முனையைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்புலயும் இன்னொண்ணை ஈர மண்ல குத்தின ஸ்க்ரூடிரைவர்லயும் வச்சுப் பாருங்க, அளக்கும்போது இரும்பு எதையும் கையால தொடாதீங்க. எர்த் நல்லா இருந்தா 2 வோல்ட்டுக்குள்ளதான் காட்டும், தாண்டினா கரன்ட்டை ஆஃப் பண்ணிட்டு காரணத்தைத் தேடுங்க.

கேள்வி: வீட்டு கராஜ்ல சொருகினா, லீக் இருந்தா கரன்ட்டைத் துண்டிக்கிற ஆர்.சி.டி. சுவிட்ச் உடனே விழுந்துடுது. அது இல்லாத சாக்கெட்ல சொருகினா நல்லா ஓடுது. அப்படியே ஓட்டலாமா சார்?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம். போற கரன்ட்டும் திரும்புற கரன்ட்டும் ஒண்ணா இல்லேன்னா அது விழும், 230 வோல்ட் ஊர்கள்ல 30 மில்லி ஆம்பியருக்குள்ள, 120 வோல்ட் ஊர்கள்ல இதே வேலையைச் செய்யிற ஜி.எஃப்.சி.ஐ.ன்னா 5 மில்லி ஆம்பியர் பக்கத்துலயே. விழுதுன்னா எங்கேயோ கரன்ட் வேற வழியா போகுதுன்னு அர்த்தம். வண்டி பிரேக்கர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க, எதுல விழுதோ அந்த லைன்ல லீக், அனேகமா ஹீட்டர் எலிமென்ட்தான் முதல் சந்தேகம். எல்லாம் ஆஃப்ல இருந்தும் விழுந்தா வண்டிக்குள்ள நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ ஒட்டியிருக்கலாம். யாரோ புதுசா சாக்கெட் போடும்போது சேர்த்துக் கட்டியிருப்பாங்க, இது அடிக்கடி நடக்குது. வெளிக் கரன்ட்ல ஓடுற வண்டிக்குள்ள அது ரெண்டும் சேரவே கூடாது, சேர்ந்தா நியூட்ரல்ல போக வேண்டிய கரன்ட் பாடி வழியாவும் போகும்.

கேள்வி: யாருக்காவது ஷாக் அடிச்சு கை ஒட்டிக்கிச்சுன்னா என்ன செய்யிறது?

பதில்: அவங்களையும் தொடாதீங்க, வண்டியையும் தொடாதீங்க. ஓடிப் போய் போஸ்ட்ல பிரேக்கரை ஆஃப் பண்ணுங்க, வண்டிக்குள்ள இருக்கிற மெயினை ஆஃப் பண்ணினா பாடியில வோல்டேஜ் போகும்னு நம்ப முடியாது. அப்புறம் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, மூச்சு இல்லேன்னா நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். ஆரம்பிச்சிடுங்க. எழுந்து உட்கார்ந்து நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னாலும் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. போஸ்ட் எங்க இருக்கு, எந்த சுவிட்ச்சை இறக்கணும்னு வண்டியில வர்ற எல்லாருக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும் சேர்த்து, நிறுத்தின உடனே காட்டிடுங்க.