துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஆல்க்கீன்

அன்புள்ள ஐயா,

மோனோமர் என்ற சிறு மூலக்கூறுகளைச் செம்பின் உதவியோடு நீண்ட பாலிமர் சங்கிலியாகக் கோக்கும் ஏடிஆர்பி முறை பற்றிய கட்டுரையில், ‘செம்பு மோனோமரைத் தொடுவதே இல்லை, சங்கிலி நுனியிலுள்ள புரோமினை எடுப்பதும் திருப்பித் தருவதும்தான் அதன் வேலை’ என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் எங்கள் பேராசிரியர், ஸ்டைரீன் என்ற மோனோமர் செம்போடு ஒட்டியிருக்கும் படிக அமைப்பையே வகுப்பில் காட்டினார். அப்படியென்றால் சீக்லர்-நட்டா முறைபோலச் செம்பின் மேலேயே சங்கிலி வளர்கிறதா? என் புராஜெக்ட்டில் 200 மோனோமருக்கு 1 செம்பு போடுகிறேன். வேகக் கணக்கில், செம்பிடம் மாட்டிக்கொண்ட மோனோமரைக் கழிக்க வேண்டுமா?

முதுகலை வேதியியல் மாணவி, புதுச்சேரி

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் பேராசிரியர் சொன்னது சரி. ‘தொடுவதே இல்லை’ என்று நான் எழுதியது தப்பு. தொடுகிறது. ஆனால் சங்கிலி அங்கே வளரவில்லை.

கடலூரில் பாண்டி பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். பிஎம்டிஇடிஏ என்ற ஈனி (உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) மூன்று நைட்ரஜன்களால் செம்பு-1ஐ, அதாவது ஓர் எலெக்ட்ரானை இழந்த செம்பை, பிடித்துக்கொண்டபின் நாலாவது இடம் ஒன்று காலியாகக் கிடக்கும். ஸ்டைரீன் போல இரட்டைப் பிணைப்புள்ள ஆல்க்கீன் அதில்தான் துண்டு போடுகிறது. தன் பை எலெக்ட்ரான்களைச் செம்புக்குக் கொடுக்கிறது. பத்து டி-எலெக்ட்ரான் வைத்திருக்கும் செம்பு கொஞ்சத்தை ஆல்க்கீனின் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குத் திருப்பித் தருகிறது. இந்த விளக்கம் 1951இல் டேவாரும், 1953இல் சாட், டங்கன்சன் இருவரும் தந்தது. (டேவார் பிறந்தது நம் நாட்டில், அகமத்நகரில்.) செம்பில் இந்தத் திருப்பித் தருதல் சொற்பம்தான். அதனால் இரட்டைப் பிணைப்பு லேசாக நீள்வதோடு சரி.

பேராசிரியர் காட்டியது, ஏடிஆர்பியை உருவாக்கியவர்களில் ஒருவரான மாத்யஷெவ்ஸ்கியின் குழு தந்த படிகமாக இருந்தால், அதில் எதிரயனி (செம்பின் மின்னூட்டத்தை ஈடுகட்டும் அயனி) என்னவென்று பாருங்கள். டெட்ராஃபீனைல் போரேட். உடம்பு பெருத்தது, செம்பின் மேல் அதற்கு ஆசையே கிடையாது. இடத்துக்குப் போட்டி இல்லாததால் ஆல்க்கீன் நிம்மதியாக உட்கார்ந்து படிகமானது. உங்கள் குடுவையில் இருப்பதோ புரோமைடு. அது துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தானே உட்கார்ந்துவிடும். புரோமினை வாங்கிச் செம்பு-2 ஆனபிறகோ, ஆல்க்கீனுக்கு எலெக்ட்ரானைத் திருப்பித் தர அதற்கு மனசும் வராது, ஆல்க்கீனும் நிற்காது.

சரி, சங்கிலி செம்பின் மேல் வளரவில்லை என்று எப்படித் தெரியும்? வளர்ந்திருந்தால் செம்பின் கைவரிசை பாலிமரில் தெரிந்திருக்கும். சங்கிலியில் பக்கத் தொகுதிகள் எந்தப் பக்கம் நிற்கின்றன, இரண்டு மோனோமர்களைக் கலந்தால் எது எவ்வளவு சேர்கிறது என்பதெல்லாம் ஜோடியில்லாத எலெக்ட்ரான் கொண்ட நுனியில் (ரேடிக்கல்) வளரும் சாதாரண பாலிமரில் உள்ளபடியே பெரும்பாலும் வருகின்றன. ஆக, மோனோமர் போய்ச் சேர்வது, புரோமினை இழந்து செம்பை விட்டு விலகி நிற்கும் சங்கிலி நுனியான ரேடிக்கலிடம்.

ஒட்டுவதே வேலையாக இருக்கும் இடமும் உண்டு. அதற்குப் பண்ருட்டி வரை போனால் போதும். பலா பழுப்பது எத்திலீனால். ஆல்க்கீன்களில் அதுதான் ஆகச் சிறியது. செடியில் எத்திலீனை உணரும் புரதமான ஏற்பிக்குள் செம்பு-1 இருக்கிறது என்று 1999இல் கண்டுபிடித்தார்கள். எத்திலீன் அதில் வந்து ஒட்டியதும், அதுவரை பழுக்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்த ஏற்பி வாயை மூடிக்கொள்கிறது. அங்கே துண்டு போட்டாலே பஸ் கிளம்பிவிடும்!

உங்கள் கணக்குக்கு வருவோம். செம்பு ஒவ்வொன்றும் ஒரு மோனோமரைப் பிடித்து வைத்துக்கொண்டாலும் 200இல் 1, அதாவது அரை சதவீதம். புரோமைடு இருக்கும்போது அதுவும் இல்லை. கழிக்க வேண்டாம். வேகம் உதைத்தால் முதலில் ஆக்சிஜனைச் சந்தேகப்படுங்கள்; அது செம்பு-1ஐயும் தின்னும், ரேடிக்கலையும் தின்னும். மோனோமர் அப்படியே கிடக்க, கரைசல் மட்டும் செம்பு-2 சேர்ந்து பச்சையாகிக்கொண்டே போனால் ரப்பர் மூடியை மாற்றிவிட்டு, உறையவைத்து வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சும் சுற்றை இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.