மழையில் பிரான்ஸ் கிராமங்கள்: கேம்பர் வேன், சைக்கிள், கொஞ்சம் சேறு – கேள்வி பதில்

நாந்த் நகரில் குடியிருக்கிறேன், சொந்த ஊர் காரைக்கால். பழைய ஃபியாட் டுகாட்டோ வேன் ஒன்று, அதன் பின்னால் இரண்டு சைக்கிள். பதினோரு வருடமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் நானும் கணவரும் இப்படித்தான் கிளம்புகிறோம். அதில் பாதி நாள் மழைதான். பிரான்ஸ் கிராமங்களை மழையில் சுற்றுவது பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சென்னையிலிருந்து: அக்கா, ஜூனில் மூன்று வாரம் வருகிறோம். வடமேற்கே பிரெத்தாஞ் பக்கம் எப்போதும் மழை என்று பயமுறுத்துகிறார்கள். பேசாமல் தெற்கே போய்விடலாமா?

மழைக்குப் பயந்து வழியை மாற்ற வேண்டாம். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. பிரெத்தாஞ்சின் மேற்கு முனையில் இருக்கும் பிரெஸ்த் நகரில் சுமார் 1,200 தான். சென்னை அதை ஐம்பது, அறுபது நாளில் கொட்டித் தீர்த்துவிடும். பிரெஸ்த் 150 நாளுக்கு மேல் இழுத்து இழுத்துப் பெய்யும். நம் ஐப்பசி மழை போல அடித்து ஊற்றுவது அபூர்வம். இங்கே 'கிரஷான்' என்று ஒன்று உண்டு, தூறலுக்கும் மூடுபனிக்கும் நடுவில். புருவத்தில் முத்து முத்தாக நிற்கும். சட்டை நனைந்துவிட்டது என்பது அரை மணி கழித்துத்தான் தெரியும்.

அட்லாண்டிக் பக்கத்து மேகங்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் கறுத்த வானம் மதியம் வெளுத்துவிடும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: ஓரிடத்தில் மூன்று இரவு தங்குங்கள், வேனை நகர்த்தாதீர்கள், மழை விடும் இடைவெளியில் சைக்கிளை எடுங்கள். பிரான்ஸ் வானிலைத் துறையான மெத்தியோ-பிரான்ஸின் செயலியில் அடுத்த ஒரு மணி நேர மழையைச் சில நிமிடக் கணக்கில் பிரித்துக் காட்டும். அதைப் பார்த்துப் பழகிவிட்டால், ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது காய்ந்த பாதை கிடைத்துவிடும். வெயிலைத் தேடி 400 கி.மீ. ஓட்டிப் போகிறவர்கள் கடைசியில் வைப்பரைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

தெற்கு ஜூனில் நல்லதுதான். ஆனால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை செவென் மலையடிவாரத்தில் பெய்யும் மழையே வேறு. மத்தியதரைக் கடலின் சூடான ஈரக்காற்று மலையில் மோதி, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கொட்டும். 2002 செப்டம்பர் 8, 9 தேதிகளில் அந்தூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 600 மி.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மாதங்களில் அங்கே ஆற்றோரம் வேனை நிறுத்தவே கூடாது.

ஜெர்மனியிலிருந்து: மழையிலும் ஓட்டக்கூடிய ஒரு பாதை சொல்லுங்கள். மேடு பள்ளம் வேண்டாம்.

நாந்த்–பிரெஸ்த் கால்வாய். பிரெஸ்த் துறைமுகத்தை ஆங்கிலேயக் கப்பல்கள் மறித்துக்கொண்டிருந்த காலத்தில், உள்நாட்டு வழியாகச் சரக்கு கொண்டுபோக நெப்போலியன் திட்டமிட்டது. நீளம் 360 கி.மீ.க்கு மேல். படகுகளை ஏற்றி இறக்க 230-க்கு மேற்பட்ட மதகுகள். படகை இழுத்துப்போன குதிரைகள் நடந்த கரைதான் இன்று சைக்கிள் பாதை. அதனால் மதகு இருக்கும் இடத்தில் மட்டும் சின்ன ஏற்றம், மற்ற இடமெல்லாம் சமதளம். கார் கிடையாது. இரண்டு பக்கமும் மரம் இருப்பதால் தூறல் பாதிதான் கீழே வரும்.

முதல் தடவை வருகிறவர்களுக்கு மலெத்ருவாவிலிருந்து ஜோஸ்லான் வரை, ஏறத்தாழ 25 கி.மீ. போதும். கடைசியில் ஒரு வளைவு திரும்பியதும் ஜோஸ்லான் கோட்டையின் மூன்று வட்டக் கோபுரங்கள் ஊஸ்த் ஆற்றிலிருந்தே முளைத்தது போல நிற்கும். மழைநாளில் அந்தக் கருங்கல் ஸ்லேட் பலகை மாதிரி கறுத்துப் பளபளக்கும். வெயிலிலும் பார்த்திருக்கிறேன், அவ்வளவு அழகில்லை.

மதகுக்கு மதகு ஒரு காவலர் வீடு இருக்கும். பல பூட்டித்தான் கிடக்கும், ஆனால் முன்னால் ஒதுங்க இடம் இருக்கும். கிராமத்துக்குள் என்றால் 'லவுவார்' தேடுங்கள். அந்தக் காலத்தில் பெண்கள் சேர்ந்து துணி துவைத்த தொட்டி, மேலே ஓட்டுக் கூரை. நானும் கணவரும் எத்தனையோ சாண்ட்விச்சை அந்தக் கல்விளிம்பில் உட்கார்ந்து, கூரையிலிருந்து வடியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறோம்.

இதைவிடப் பிரபலமானது லுவார் நதிப் பாதை, ஏறத்தாழ 900 கி.மீ. கோட்டைகள் அதிகம், கோடையில் கூட்டமும் அதிகம். மழைக்கு என் ஓட்டு கால்வாய்க்குத்தான்.

லண்டனிலிருந்து: மூன்றாம் நாளே வேனுக்குள் எல்லாம் ஈரம். ஜன்னலில் தண்ணீர் வழிகிறது, மெத்தைக்கு அடியில் நாற்றம். ஹீட்டர் போட்டும் போகவில்லை.

ஹீட்டர் போட்டால் மட்டும் போகாது, ஈரம் வெளியேற வழி வேண்டும். குளிராக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம், அங்கேதான் தப்பு. கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவுக்கு எப்போதும் திறந்து வையுங்கள். அதற்கு எதிர்ப்பக்க ஜன்னலில் ஒரு சின்ன இடைவெளி. அப்புறம் ஹீட்டரைப் போடுங்கள். ஈரம் மேலே போய்விடும்.

நனைந்த துணியைச் சீட்டின் மேல் போடவே கூடாது. குளியல் அறைக்குள் ஒரு கம்பி கட்டி, அதிலேயே சொட்ட விட்டு, கதவைச் சாத்துங்கள். காலையில் ஜன்னல் தண்ணீரைத் துடைத்துப் பிழிந்து வெளியே ஊற்றுங்கள். மெத்தையைத் தினம் பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து கவனியுங்கள்: சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயாதீர்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளே சேரும். அதைவிடப் பெரிய ஆபத்து, அடைத்த வேனில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரையே எடுத்துவிடும். அதற்கான அலாரம் கருவி இல்லாமல் ஒரு இரவுகூடத் தூங்காதீர்கள்.

அதே நண்பர்: துணி காய வைக்க வேறு வழி?

பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் கார் நிறுத்துமிடத்தில், பெட்ரோல் பங்க் பக்கமாகப் பாருங்கள். வாஷிங் மெஷினும் டிரையரும் வெளியிலேயே நிற்கும். டிரையரில் போட்டுவிட்டு, மளிகை வாங்கிவிட்டு வந்தால் வேலை முடிந்தது.

மலேசியாவிலிருந்து: கேம்பிங் இடங்களில் புல்தரைதான் அதிகம் என்கிறார்கள். மழையில் வேன் புதையாதா?

புதையும். எங்களுக்கே நடந்தது. ஒரு கிராமத்து கேம்பிங், அழகான புல்வெளி, ஓடையைப் பார்த்தபடி வேனை மூக்கு உள்ளே போக நிறுத்தினோம். இரவு முழுக்க மழை. காலையில் கிளம்ப ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி அசையவில்லை. மிதிக்க மிதிக்க ரிம் வரைக்கும் இறங்கிவிட்டது. கால்மிதியைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தோம், அது பின்னால் பறந்து வேலியில் விழுந்தது. கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர் டிராக்டரோடு வந்தார். இழுக்க வேண்டுமே, முன்னால் திருகி மாட்டும் இரும்பு வளையம் எங்கே என்று கேட்டார். அது சாமான்களுக்கெல்லாம் அடியில் கிடந்தது. கொட்டும் மழையில் பாதி வேனைக் காலி பண்ணித்தான் எடுத்தோம். பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு டப்பா முறுக்கு கொடுத்தோம். டிராக்டர் மேல் உட்கார்ந்தபடியே இரண்டைக் கடித்துப் பார்த்து, தலையாட்டிவிட்டு டப்பாவோடு போனார்.

அன்றிலிருந்து அந்த வளையம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வாடகை வேன்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் இழுப்பவை. அதனால் முன்சக்கரம் இரண்டும் கெட்டித் தரையில் இருக்கும்படி, மூக்கு வெளியே பார்க்க நிறுத்துங்கள். சரிவு இருந்தால் வெளியேறும் பக்கம் இறக்கமாக இருக்கட்டும். வந்ததும் 'ஸ்தாபிலிசே' இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், சரளை போட்டு இறுக்கிய தரை என்று அர்த்தம். சக்கரம் ஒரு தடவை வழுக்கினாலே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.

பாரிஸிலிருந்து: ஆற்றோரமாக இலவசமாக இரவு தங்கலாமா?

சாலையோரத்தில் தடைப் பலகை இல்லாத இடத்தில் வேனை நிறுத்தி உள்ளே தூங்கலாம். நாற்காலியை வெளியே போட்டு, ஓரக்கூரையை விரித்தால் அது நிறுத்துவது ஆகாது, முகாம் போடுவது. அதற்கு அனுமதி வேண்டும். கடற்கரை ஊர்களில் இரவுத் தடைப் பலகைகள் ஏராளம். இதற்கெல்லாம் நல்ல மாற்று உண்டு. பல கிராமங்கள் கேம்பர் வேனுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கியிருக்கின்றன. தண்ணீர் பிடிக்கலாம், கழிவறைப் பெட்டியைக் காலி பண்ணலாம், பல இடங்களில் இலவசம். 'பிரான்ஸ் பாஸ்யோன்' என்ற திட்டத்தில் வருடச் சந்தா கட்டினால் திராட்சைத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் 24 மணி நேரம் கட்டணமில்லாமல் தங்கலாம்.

ஆற்றோரம் பற்றித் தனியாகச் சொல்கிறேன். 1987 ஜூலை 14 அன்று ஆல்ப்ஸ் மலையில் லெ கிரான்-போர்னான் ஊரின் கேம்பிங்கை ஒரு மலையாறு திடீரென்று பெருகி அடித்துப்போனது. 23 பேர் இறந்தார்கள். நடுக்கோடையில், விடுமுறை நாளில். ஓடை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி, மேலே மலையில் மழை என்றால் நான் தங்க மாட்டேன். மெத்தியோ-பிரான்ஸ் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்ட வாரியாக எச்சரிக்கை தரும். ஆறுகளுக்கு 'விஜிக்ரூ' என்று தனித் தளம் இருக்கிறது. ஆரஞ்சு வந்தால் மேட்டுக்குப் போய்விடுங்கள், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

கோவையிலிருந்து: மழையில் ஓட்டினால் சைக்கிள் செயின் கரகர என்கிறது. பிரேக்கும் பிடிக்கவில்லை.

கால்வாய்ப் பாதையில் மணல் போட்டு இறுக்கியிருப்பார்கள். நனைந்தால் அது அரைத்த மாவு மாதிரி செயினில் அப்பிக்கொள்ளும். ஓட்டி முடித்ததும் ஒரு பாட்டில் தண்ணீரைச் செயின் மேல் ஊற்றுங்கள். பழைய பனியன் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு, பெடலைப் பின்பக்கம் சுற்றித் துடையுங்கள். ஈரத்துக்கென்று விற்கும் கெட்டியான செயின் எண்ணெயை ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். இந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிட்டால், மறுநாள் மணல் அதில்தான் ஒட்டும்.

பிரேக் ரிம்மைப் பிடிக்கும் வகை என்றால், இறக்கம் வருவதற்கு முன்பே லேசாக இரண்டு மூன்று தடவை அழுத்தித் தண்ணீரை வழித்துவிடுங்கள். டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு. வாடகைக்கு எடுத்தால் டிஸ்க் பிரேக், மட்கார்டு, 35 அல்லது 40 மி.மீ. டயர் கேளுங்கள். ஊருக்குள் வெள்ளைப் பெயிண்ட் கோடு, இரும்பு மூடி, ஈர இலை இந்த மூன்றின் மேலும் ஹேண்டிலைத் திருப்பாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து: ரெயின்கோட்டா, போன்சோவா?

கால்வாயில் மெதுவாகப் போக போன்சோ போதும், காற்றடித்தால் பாய்மரம் ஆகிவிடும். நான் போடுவது வியர்வை வெளியேறும் மழை ஜாக்கெட். கைக்கு மெல்லிய கம்பளி கையுறை, அதன் மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. இதை மிஞ்சிய ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே இரவிலோ வெளிச்சம் குறைந்தபோதோ ஓட்டினால் மின்னும் வெஸ்ட் கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டும் கட்டாயம்.

மதுரையிலிருந்து: நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா? மழையில் வேக வரம்பு மாறும் என்கிறார்களே?

சுற்றுலாவுக்கு, சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்து எடுத்து வந்தால் செல்லும். வேன் 3.5 டன்னுக்குள் இருக்க வேண்டும். வரம்பு மாறுவது உண்மை. அதிவேக நெடுஞ்சாலையில் மணிக்கு 130 கி.மீ., மழையில் 110. நடுவில் தடுப்பு உள்ள இருவழிச் சாலையில் 110, மழையில் 100. கிராமச் சாலை பெரும்பாலும் 80. 50 மீட்டர் தூரம்கூடத் தெரியாவிட்டால் எங்கேயும் 50 தான். ஊருக்குள் பலகை இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும், சின்னச் சந்திலிருந்து வந்தாலும்.

திருச்சியிலிருந்து: வேனில் நம் சமையல் செய்ய முடியுமா? பிள்ளைகள் ரொட்டியே சாப்பிட்டால் சோர்ந்துவிடுவார்கள்.

தாராளமாக. ஆனால் சோறு கொதிக்கும் ஆவி முழுக்க ஜன்னலில் வந்து நிற்கும். குக்கர்தான் நல்லது, விசில் வரும்போது கூரைத் திறப்பை முழுக்கத் திறந்துவிடுங்கள். தாளிப்பை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ரசப்பொடி கொண்டு வந்தால் வேனில் கடுகு வெடிக்கத் தேவையில்லை. திரைச்சீலையில் ஏறிய தாளிப்பு வாசனை ஈரத்தில் ஒரு வாரம் போகாது. கிராமக் கடைகள் மதியம் 12 முதல் 2 வரை பல இடங்களில் மூடிவிடும், ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. அரிசியும் பருப்பும் கையில் இருந்தால் கவலையில்லை.

அவரே: நாள் முழுக்க மழை என்றால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது?

பூமிக்கு அடியில். தொர்தோஞ் பக்கம் மொந்திஞாக்கில், ஆதிமனிதர்கள் ஓவியம் தீட்டிய லாஸ்கோ குகையை அப்படியே நகலெடுத்து 2016-இல் திறந்திருக்கிறார்கள். அசல் ஓவியமே வேண்டும் என்றால் லோத் பகுதியில் பெஷ்-மெர்ல் குகை, முன்பதிவு அவசியம். புள்ளி வைத்த இரண்டு குதிரைகளைச் சுற்றி, அந்த மனிதர்கள் பதித்துவிட்டுப் போன கைத்தடங்கள் இருக்கும். லுவார் பக்கம் சொமூரில் பாறையைக் குடைந்த வீடுகளும் காளான் வளர்க்கும் குகைகளும் உண்டு. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கோடையிலும் உள்ளே குளிரும்.

நாகப்பட்டினத்திலிருந்து: அத்தைக்கு 68 வயது. சைக்கிள் ஓட்ட மாட்டார். கூட்டி வந்தால் நாள் முழுக்க வேனில் அடைந்து கிடக்க வேண்டுமே என்று தயங்குகிறோம்.

கட்டாயம் கூட்டி வாருங்கள். என் மாமியார் இரண்டு தடவை வந்திருக்கிறார். நாங்கள் செய்தது இதுதான்: ஒருவர் சைக்கிளில், ஒருவர் மாமியாரோடு வேனில். பத்துப் பன்னிரண்டு கி.மீ. தள்ளி, சாலை கால்வாயைத் தொடும் ஒரு மதகைக் காலையிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்வோம். வேன் முன்னால் போய் அங்கே நிற்கும். மதியத்துக்கு மேல் ஆள் மாறிக்கொள்வோம். மதகில் படகு வந்தால் மாமியார் குடையோடு இறங்கிவிடுவார். தண்ணீர் ஏறி ஏறிப் படகு மேலே வருவதைப் பார்க்க அவருக்கு அலுக்கவே அலுக்காது. டீ ஃபிளாஸ்க் அவர் பொறுப்பில் இருக்கட்டும், நனைந்து வந்து சேரும்போது தெரியும்.